மார்பிள் மெஷினோடு மரத்தரைக்கு வந்தவர்கள்

கீழக்கரையில் ஒரு வீடு. ஆண்கள் துபாயில், வீட்டில் உம்மாவும் மருமகளும் மட்டும். ஹாலில் 400 சதுர அடிக்கு என்ஜினியர்டு வுட் தரை, 14 மி.மீ. பலகை. வீட்டில் நிக்காஹ் வருகிறது, தரை மங்கிக் கிடக்கிறதே என்று வெளியூர் க்ளீனிங் ஆட்களைக் கூப்பிட்டார்கள். 'டீப் க்ளீனிங்' சதுர அடிக்கு 15 ரூபாய், 'பாலிஷ்' 25 ரூபாய், மொத்தம் 16,000. வந்தவர்கள் இறக்கியது மார்பிளும் டைல்ஸும் தேய்க்கிற மெஷின். பக்கெட்டில் போர் தண்ணீர், அதில் டைல்ஸ் கறை எடுக்கும் ஆசிட்.

"மரமாச்சே, தண்ணி ஊத்தலாமா தம்பி?" என்று கேட்டார் உம்மா.

"இது என்ஜினியர்டு வுட்டும்மா, தண்ணி ஒண்ணும் பண்ணாது. கண்ணாடி மாதிரி ஆக்கித் தர்றோம்."

இந்தப் பதிலைச் சொல்கிற ஆளை அங்கேயே நிறுத்திவிடுங்கள். என்ஜினியர்டு வுட் தண்ணீருக்கு அசையாத பொருள் இல்லை. மேலே நிஜ மரத் தகடு, 0.6 மி.மீ. முதல் 6 மி.மீ. வரை. அதன் கீழே குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய ப்ளைவுட், அல்லது மரநாரை அழுத்திச் செய்த எச்.டி.எஃப். அட்டை. குறுக்காக ஒட்டியிருப்பதால் முழு மரப்பலகையைவிட விரிவதும் சுருங்குவதும் குறைவு. சிறப்பு அவ்வளவுதான். பி.யூ. (பாலியூரிதேன்) கோட்டிங் பலகையின் முகத்தில் இருக்கிறது. பலகைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் க்ளிக் விளிம்புக்குள் இல்லை. மெஷின் ஓடும்போது இருபது நிமிடம் தேங்கிய தண்ணீர் அந்த மூட்டு வழியாக இறங்கியது. மூன்றாம் நாள் பலகை ஓரங்கள் எழும்பி, வெறுங்காலில் நடந்தால் வரிவரியாகத் தட்டுப்பட்டது. ப்ளைவுட் அடிப்பலகையாக இருந்தால் நிதானமாகக் காயும்போது ஓரளவு இறங்கும். எச்.டி.எஃப். ஒருமுறை ஊதினால் ஊதியதுதான்.

அடுத்த வாரம் தரை முழுக்க வெள்ளையாகப் பூத்தது. இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, நம் கரையோரத்துப் போர் தண்ணீரின் உப்பு. இன்னொன்று, 'பாலிஷ்' என்று தடவியது மெழுகும் சிலிக்கானும் கலந்த திரவம். எண்ணெய் ஊறவைத்த மரத்துக்கு அதற்கென்று வருகிற எண்ணெயோ மெழுகோ போடலாம். பி.யூ. போட்ட தரை எதையும் உறிஞ்சாது; தடவியது மேலேயே படலமாகத் தங்கி, வழுக்கும், தூசியைப் பிடிக்கும், கால்தடம் காட்டும். பெரிய கேடு பின்னால் வருகிறது: சிலிக்கான் பட்ட தரையில் பிறகு புது கோட்டிங் அடித்தால் ஒட்டாமல் சின்னச் சின்னக் குழியாக விலகி நிற்கும்.

புகார் சொன்னதும் அதே ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, "சாண்டிங் போட்டா சரியாயிடும்மா" என்று சதுர அடிக்கு 70 ரூபாய் கேட்டார்கள். மொத்தம் 28,000. சாண்டிங் என்றால் உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பான தாளால் மேல்பரப்பைத் தேய்த்து எடுப்பது. மாதிரிக்கு ஒரு மூலையில் ஆங்கிள் கிரைண்டரில் 60ஆம் நம்பர் டிஸ்க் மாட்டி இரண்டு சதுர அடி தேய்த்தார்கள். மரத்தகடு போய் கீழே ப்ளைவுட்டின் வெளிறிய அடுக்கு தெரிந்தது. அந்த வீட்டுத் தகடு 0.6 மி.மீ.! ஒரு முழு சாண்டிங் அரை மி.மீ.க்கு மேல் சாதாரணமாகத் தின்னும். தகடு 2 மி.மீ.க்குக் குறைவென்றால் சாண்டிங் பேச்சே கூடாது. அதிலும் ஈரத்தில் ஓரம் எழும்பிய தரையைத் தேய்ப்பது இன்னொரு தவறு: எழும்பிய ஓரம் தேய்ந்துவிடும், ஈரம் போனதும் ஓரம் இறங்கி, பலகை நடுவில் மேடு தட்டி நிற்கும்.

தகட்டின் கனத்தைப் பார்ப்பது கஷ்டமில்லை. வாசற்படியில் மரத்தரையும் டைல்ஸும் சேரும் இடத்து உலோகப் பட்டையைக் கழற்றினால் பலகையின் வெட்டுமுகம் தெரியும். ஸ்கேல் வைத்துப் பாருங்கள். அங்கே மரத் தகடே இல்லாமல், பழுப்பு அட்டை மேல் காகிதம் போல ஒரு மெல்லிய அச்சு மட்டும் இருந்தால் அது லேமினேட். என்ஜினியர்டு விலைக்கு லேமினேட்டைத் தலையில் கட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள், அது தனிக் கதை. பூச்சு என்னவென்று தெரிய, கண்ணில் படாத மூலையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். முத்தாக நின்றால் பி.யூ. மாதிரிப் பூச்சு. மரம் கருத்தால் எண்ணெய்ப் பூச்சு, அல்லது பூச்சு தேய்ந்துபோன இடம். இந்த இரண்டையும் கேட்காமல் விலை சொல்கிறவருக்கு வேலை தெரியாது.

வெள்ளைப் படலம் வந்துவிட்டதா? நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். வெள்ளையாகச் சுருண்டு வந்தால் மெழுகோ பாலிஷோ. பி.யூ. தரையில் மெழுகு என்றால் மினரல் டர்பன்டைனைத் துணியில் தொட்டு, இரண்டடிக்கு இரண்டடி சதுரமாக எடுத்து, உடனே காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். முதலில் மூலையில் சோதனை. ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பும் விளக்கும் பக்கத்தில் வேண்டாம், துணிகளைச் சுருட்டிப் போடாமல் வெளியில் விரித்துக் காயவிடுங்கள். சுரண்டினால் எதுவும் வராமல், ஈரத்துணி பட்டதும் வெள்ளை மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் பெரும்பாலும் தண்ணீரின் உப்பு. அதற்கு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியே நாலைந்து தடவையில் போதும். ஆசிட் அரித்து மங்கிய இடம் எதற்கும் திரும்பாது. 120, 150ஆம் நம்பர் ஸ்கிரீன் (வலை மாதிரியான உப்புத்தாள்) வைத்துப் பூச்சை மட்டும் சொரசொரப்பாக்கி மேலே ஒரு கோட்டிங் அடிப்பதுதான் வழி, அதுவும் மெழுகும் சிலிக்கானும் முழுக்கப் போன பிறகு.

எழும்பிய ஓரத்துக்கு முதல் வைத்தியம் பொறுமை. ஹீட்டரோ சூடான காற்றோ வைத்தால் மேல்தகடு வெடிக்கும். தரையோடு தரையாகக் காற்று போகும்படி டேபிள் ஃபேன், ஏசியில் ட்ரை மோட், இரண்டு மூன்று வாரம். மரத்தில் ஊசி குத்தி ஈரம் அளக்கும் மானியால் நனையாத அறையையும் இந்த இடத்தையும் அளந்து, இரண்டும் ஒன்றாக வந்த பிறகுதான் எந்தப் பலகையை மாற்றுவது என்று முடிவு.

அன்றாடத் துப்புரவுக்கு 16,000 ரூபாய் எதற்கு? இங்கே தரைக்கு முதல் எதிரி மணல்தான். கடற்கரை மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ் என்கிற கனிமம், கடினத்தில் மோஸ் அளவுகோலில் 10-க்கு 7. செருப்பில் ஒட்டி வந்து காலடியில் உருண்டால் பூச்சில் கீறல் விழும். வாசலுக்கு வெளியே தென்னைநார் மிதியடி, உள்ளே துணி மிதியடி, இரண்டும் வேண்டும். அடியில் ரப்பர் வைத்த மிதியடி வேண்டாம், நாளடைவில் கறை பிடிக்கும். தினமும் மென்மையான விளக்குமாறு அல்லது காய்ந்த மைக்ரோஃபைபர் மாப். வேக்குவம் என்றால் சுழலும் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள்.

ஈர மாப் வாரம் ஒருமுறை. போர் தண்ணீர் கூடாது, கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ. அமிலமும் காரமும் இல்லாத, மரத்தரைக்கென்று வரும் க்ளீனரை லேபிளில் சொன்ன அளவில் கலந்து, மாப்பில் தெளித்துத் துடைக்கலாம். 400 சதுர அடிக்கு அரை லிட்டருக்கு மேல் செலவானால் தண்ணீர் அதிகம். மாப் போன ஈரத்தடம் ஒன்றிரண்டு நிமிடத்தில் காய வேண்டும். மர இழை ஓடும் திசையிலேயே இழுங்கள். பினாயில், ப்ளீச்சிங் பவுடர், வினிகர், எலுமிச்சை, ஸ்டீம் மாப் எதுவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை கல்லுப்பும் மஞ்சளும் கரைத்துத் துடைக்கிற வழக்கம் உள்ள வீடுகளில் அதை வாசல் திண்ணையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மஞ்சள் கறை மூட்டில் இறங்கினால் போகாது, உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு வேறு தொல்லை. காற்றில் ஈரம் 65 சதவீதமாக 30 டிகிரியில் நின்றால் மரம் சுமார் 12 சதவீத ஈரத்தில் அமரும். 80 சதவீதமானால் 16 வரை ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் 'காற்றோட்டம் வேணும்' என்று சொந்தக்காரரை அனுப்பி ஜன்னல் திறந்துவைத்தால் கடற்காற்றின் ஈரம்தான் உள்ளே வரும். ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானி வைத்து, 65-ஐத் தாண்டும்போது ட்ரை மோட் அல்லது டீஹ்யூமிடிஃபையர் ஓடவிடுங்கள். சுவரோரம் விட்ட 10 மி.மீ. இடைவெளியை சிமெண்ட் வைத்து அடைத்திருந்தால் விரிய இடமில்லாமல் பலகை நடுவில் தூக்கும். சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டையைக் கழற்றிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

பணத்துக்கு வருவோம். அந்த வீட்டில் கொடுத்தது வெள்ளைத் தாளில் எழுதிய எஸ்டிமேட், கையெழுத்தும் இல்லை. நல்லவேளை, 16,000-மும் யுபிஐ வழியாகப் போயிருந்தது, வாட்ஸ்அப்பில் "கேரண்டி" என்று எழுத்திலும் இருந்தது. இவை ஆதாரம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, குறை ஏற்பட்டு 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கெட்ட பலகையைப் பிடுங்கும் முன் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள், பிடுங்கிய பலகையில் இரண்டைத் தூக்கிப் போடாமல் வையுங்கள்.

தரை போட்டபோது மிஞ்சிய இரண்டு பெட்டி அந்த வீட்டுப் பரணில் இருந்தது. சாண்டிங் போட்ட மூலைக்கும், இறங்காமல் நின்ற ஓரங்களுக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. நிறம் மட்டும் கொஞ்சம் புதுசாகத் தெரிகிறது.