மாற்றிக் கொடுக்கும் கிட்டாரையும் திருப்பிப் பாருங்கள்

பழுதான கிட்டாருக்குப் பதிலாகக் கடைக்காரர் நீட்டுகிற இரண்டாவது கிட்டார் முதலாவதைவிட மோசமாக இருக்கலாம். எனக்கு அப்படித்தான் நடந்தது. இதே கடையில் இன்னொருவருக்கும் அடுத்து நடக்கப் போகிறது என்று தெரிந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் நெல்லைப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசிக்கிறேன். கல்யாண வரவேற்பு, கோயில் கொடை என்று மேடை கிடைத்துக்கொண்டே இருக்கும். மேடையில் லைட், ஜெனரேட்டர் எல்லாம் பக்கத்திலேயே இருப்பதால் கிட்டாரில் சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள்) இருந்தால் ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபயரில்) மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் விடாமல் கேட்கும். இந்த மாதிரி மின் இரைச்சலை அடக்கத்தான் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-இல் இரண்டு சுருள் கொண்ட ஹம்பக்கர் பிக்கப்பை வடிவமைத்தார். எனக்கும் ஹம்பக்கர்தான் வேண்டும் என்று கிப்சனின் லெஸ் பால் மாடல் வடிவத்தில் ஒரு கறுப்பு கிட்டாரை மதுரையில் வாங்கினேன். விலை 28,000 ரூபாய். கடையில் வாசிக்கக் கொடுத்தது சுவரில் மாட்டியிருந்த பீஸ். கையில் கொடுத்துவிட்டது பெட்டியில் இருந்த இன்னொன்று.

வீட்டில் ஆம்ப்பில் போட்டதும் தெரிந்துவிட்டது. இரண்டாவது கம்பியை 15-வது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அழுத்தி ஒரு முழு ஸ்வரம் மேலே இழுத்தால் சத்தம் பாதியில் செத்துப் போகிறது. பாடகர் பாடுகிற வரியைக் கிட்டாரில் எடுக்க வேண்டுமானால் கம்பியை இழுத்துத்தான் கமகம் கொண்டுவர முடியும், அதுவும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதைத் தாண்டி உடல் பக்கம் உள்ள ஃப்ரெட்டுகளில் ஏதாவது ஒன்று கொஞ்சம் உயரமாக நின்றால், இழுபடும் கம்பி அதில் உரசி அடங்கிவிடும். இதைப் பார்க்கத் தனிக் கருவி தேவையில்லை. பழைய ஏடிஎம் கார்டின் நேரான விளிம்பை மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் நிற்கிற மாதிரி வைத்துப் பாருங்கள். நடு ஃப்ரெட் உயரமாக இருந்தால் கார்டு இரண்டு பக்கமும் ஆடும். என்னுடையதில் 17-வது ஃப்ரெட்டில் ஆடியது.

கடைக்குத் திரும்பக் கொண்டு போனேன். “அண்ணே, புது கிட்டார்ல இதெல்லாம் இருக்கும், செட்டப் பண்ணா சரியாயிடும்” என்றார் விற்பனைப் பையன். உள்ளே கொண்டுபோய் பிரிட்ஜை, அதாவது உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் கட்டையை, தூக்கிக் கொடுத்தார்கள். இது வைத்தியமே இல்லை. 12-வது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம் சாதாரணமாக ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் போதும். இவர்கள் மூன்றுக்கு மேல் ஏற்றிவிட்டார்கள். உரசல் மறைந்தது உண்மைதான். ஆனால் கம்பியை அவ்வளவு தூரம் கீழே அழுத்தும்போது அது கூடுதலாக இழுபடுகிறது, ஸ்வரம் ஏறிப்போகிறது. கீபோர்டோடு சேர்ந்து வாசிக்கும்போது காது கூசும். உயரமாக நிற்கிற ஃப்ரெட்டை இழைத்துச் சமப்படுத்த வேண்டுமே தவிர, கம்பியைத் தூக்கக் கூடாது. அதைச் சொன்னதும் முதலாளி வந்தார். “தம்பி, எதுக்கு வம்பு, வேற பீஸ் தர்றேன். பழசை கம்பெனிக்கு அனுப்பிடுவோம்” என்றார்.

குடோனிலிருந்து ஒன்று வந்தது. பெட்டியில் சீல் இல்லை. வாசித்துப் பார்த்தேன், 15-வது ஃப்ரெட் பாடியது, எல்லா இடத்திலும் சத்தம் சுத்தமாக இருந்தது. பில்லில் புதிய சீரியல் நம்பரை எழுதித் தரச் சொன்னேன். கம்ப்யூட்டர் பில்லைத் திருத்த முடியாது, அப்புறம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம் என்றார்கள். அது வரவே இல்லை.

ஏன் எழுதித் தரவில்லை என்பது வீட்டில் கம்பி மாற்றும்போது புரிந்தது. முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் மெல்லிய கம்பிகளுக்கு நேர் கீழே தேய்மானக் குழி. புது கிட்டாரில் அது வர வாய்ப்பே இல்லை, யாரோ மாதக்கணக்கில் வாசித்திருக்கிறார்கள். சந்தேகம் வந்து பின்பக்கம் திருப்பி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். கழுத்தும், கம்பி முறுக்கும் ஆணிகள் இருக்கிற தலையும் சேரும் இடத்தில் கறுப்பு பெயின்டுக்கு அடியில் முடி கனத்துக்கு ஒரு கோடு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. நகத்தை ஓட்டினால் தட்டியது. தலை உடைந்து, ஒட்டி, மேலே பெயின்ட் அடித்த கிட்டார்.

லெஸ் பால் வடிவத்தில் இதுதான் பலவீனமான இடம். தலை பின்பக்கம் சாய்ந்திருக்கும். கழுத்தின் முனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டுக்குப் பின்னால், கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைத் திருப்புவதற்காக மரத்தைக் குடைந்திருப்பார்கள். அதனால் அந்த இடத்தில் மரம் மெலிந்துவிடும். அதன் மேல் ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் நாற்பது கிலோ அளவுக்கு இழுத்துக்கொண்டிருக்கும். ஸ்டாண்டிலிருந்து மல்லாக்க விழுந்தாலே போதும், முறிந்துவிடும். ஒழுங்காக ஒட்டினால் பல வருடம் தாங்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒட்டியதைச் சொல்லி, அதற்கான விலைக்குத்தான் விற்க வேண்டும். புதுசு என்று சொல்லி 28,000 ரூபாய்க்குக் கொடுத்தது பச்சை மோசடி. வேனில் ஆம்ப்புக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் ஊர் ஊராகப் போகிற கிட்டார் அது. பாட்டுக்கு நடுவில் தலை விட்டுப் போனால் அன்றைக்குக் குழுவோடு வந்த அத்தனை பேரும் பதில் சொல்ல வேண்டும்.

மறுபடியும் போனபோது சுவரைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. கம்பெனிக்குப் போவதாகச் சொன்ன என் முதல் கிட்டார் அங்கே தொங்கியது. தலையின் பின்பக்கம் இருந்த சீரியல் நம்பர் என் பில்லில் இருக்கிற அதே நம்பர். விலைச்சீட்டில் புது கிட்டாரின் முழு விலை. அப்படியானால் எனக்குக் கொடுத்ததும் யாரோ ஒருவர் திருப்பிக் கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு கிட்டாரையும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

“ரெண்டுல எது வேணுமோ எடுத்துக்குங்க. பழசுன்னா மூவாயிரம் குறைச்சுக்கறேன். காசெல்லாம் திருப்பித் தர்றதில்ல” என்றார் முதலாளி. அந்த இரண்டுக்குள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு முதலாவதைத்தான் எடுக்கச் சொல்வேன். ஃப்ரெட்டைச் சமப்படுத்தத் தெரிந்தவர் கையில் அந்தக் குறை தீர்ந்துவிடும், மரம் முழுசாக இருக்கிறது. ஆனால் புதுசுக்குக் காசு கொடுத்தவன் எதற்காக அந்த இரண்டுக்குள் நிற்க வேண்டும்?

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் போட்டிருக்கும் கெடுவுக்குள் கேட்கலாம், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள் கேட்கலாம். கடைக்காரர்கள் “சரியாகிவிடும், பார்க்கலாம்” என்று இழுத்தடிப்பது அந்த நாட்களைத் தின்பதற்குத்தான். அதனால் குறை தெரிந்த அன்றே எழுத்தில் அனுப்பி வையுங்கள். நான் போட்டோக்களோடு பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தால் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அதுவரை போக வேண்டி வரவில்லை. முதலில் “பேக்கிங், கையாளும் செலவு” என்று ஒரு தொகையைப் பிடிக்கப் பார்த்தார்கள். ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு முழுப் பணமும் வங்கிக் கணக்குக்கு வந்தது.

பணம் வந்ததோடு முடியவில்லை என்பதால்தான் இந்தப் பதிவு. நான் கடைசியாகப் பார்த்தபோது முதல் கிட்டார் அதே சுவரில் விற்பனைக்கு இருந்தது. ஒட்டுப்போட்டதும் இப்போது அவர்களிடம்தான் இருக்கிறது, மறுபடி ஒரு பெட்டிக்குள் போயிருக்கும். எந்தக் கடையாக இருந்தாலும், வாசித்துப் பார்த்த பீஸையே கேளுங்கள், அதன் சீரியல் நம்பர் பில்லில் ஏறிய பிறகு பணம் கொடுங்கள். கறுப்பு நிறம் என்றால் தலைக்குப் பின்னால் டார்ச்சைச் சாய்த்து அடித்து நகத்தை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். கறுப்பு பெயின்ட் மரத்தின் ரேகையை முழுதாக மூடிவிடும், ஒட்டு கண்ணுக்குத் தெரியாது.