பழைய ரைபிளுக்கு உறுப்புச் சோதனை: நாகர்கோவில் பட்டறை ஒன்றைப் பற்றிய மதிப்புரை

நாகர்கோவில் வடசேரிப் பகுதியில் உரிமம் பெற்று இயங்கும் ஒரு துப்பாக்கிப் பழுதுபார்ப்புப் பட்டறையில், பழைய ரைபிள்களைப் பிரித்துப் பார்த்து, எந்த உறுப்பு தொழிற்சாலையிலிருந்தே வந்தது, எது பின்னால் மாற்றப்பட்டது என்று எழுதித் தருகிறார்கள். விளம்பரத்தை விரும்பாத உரிமையாளர் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அதைத் தவிர்த்திருக்கிறேன். மாவட்டத்தில் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களிடம் விசாரித்தால் இடம் தெரிந்துவிடும்.

நான் கொண்டுசென்றது, கீரிப்பாறைப் பக்கத் தோட்டத்தில் எங்கள் பாட்டா வைத்திருந்து, அப்பாவுக்குப் பின் என் உரிமத்துக்கு மாறிய .315 போர் (குழல் விட்ட அளவு) பி.எஸ்.ஏ. ரைபிள். ஆங்கிலேயர் ஆட்சியில் படையின் .303 தோட்டாவைப் பொதுமக்கள் வைத்திருக்க விடாததால், இந்தியாவில் வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் என்றே .315 அளவு ரைபிள்கள் விற்பனைக்கு வந்தன. 1861-இல் பர்மிங்காமில் தொடங்கப்பட்ட பி.எஸ்.ஏ. நிறுவனம் இவற்றைச் செய்து அனுப்பியது; பிற்காலத்தில் வங்காளத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையும் அதே அளவில் செய்தது. இரண்டுமே ஆங்கிலேயப் படையின் லீ என்ஃபீல்டு ரைபிள் வழியில் வந்தவை என்பதால் ஒன்றின் உறுப்பை மற்றதில் பொருத்திப் பார்க்கும் ஆசை பழுதுபார்ப்பவர்களுக்கு எப்போதும் இருந்திருக்கிறது. எழுபது எண்பது ஆண்டுகள் கைமாறிய ஒரு ரைபிள் முழுக்கத் தன் சொந்த உறுப்புகளோடு மிஞ்சுவது அரிது. ஆகவே ‘இது ஒரிஜினலா’ என்று மொத்தமாகக் கேட்பதில் பொருளில்லை, ஒவ்வோர் உறுப்பாகத்தான் கேட்க வேண்டும் என்பதை முதல் பேச்சிலேயே பட்டறை உரிமையாளர் தெளிவாக்கிவிட்டார். நான் இந்தப் பட்டறையை மதிப்பதற்கு முதற்காரணமும் அதுதான்.

அவர் மூன்று வகையாகப் பிரிக்கிறார். அந்தத் துப்பாக்கியோடு பிறந்த உறுப்பு ஒன்று. அதே நிறுவனம் அதே காலத்தில் செய்ததாயினும் வேறொரு துப்பாக்கியிலிருந்து வந்த உறுப்பு இரண்டாவது. பிற்காலத்திலோ உள்ளூரிலோ செய்து பொருத்தியது மூன்றாவது. விற்பவர்கள் முதல் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ‘ஒரிஜினல் பார்ட்’ என்று சொல்லிவிடுவதால்தான் வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள்.

சோதனை எண்களில் தொடங்கியது. குழலின் பின்புறத்திலும், அதைத் தாங்கும் உடற்பகுதியிலும், தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் போல்ட்டின் கைப்பிடி அடியிலும் உள்ள எண்களைச் சாய்வான வெளிச்சத்தில் வைத்து உருப்பெருக்கியால் பார்த்தார். குழலும் உடலும் ஒத்துப்போயின. போல்ட்டின் எண் வேறாக இருந்தது. நம் மாவட்டத்தில் தேர்தல்தோறும் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ இதுபோன்ற உரிமம் பெற்ற இடத்திலோ ஒப்படைக்கும் வழக்கம் இருப்பதால், போல்ட்டைத் தனியாகக் கழற்றி வைத்திருந்தவர்கள் திரும்ப வாங்கும்போது மாறிப்போன கதைகளும் உண்டு என்றார். எங்கள் ரைபிளுக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை. போல்ட் மாறியிருப்பது மதிப்பைக் குறைக்கும் விஷயம் மட்டுமன்று. தோட்டாவின் விளிம்புக்கும் போல்ட் முகப்புக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி அந்தந்தக் குழலுக்கு ஏற்றபடி சரிபார்க்கப்பட்டிருக்கும். வேறு போல்ட் வந்தால் அந்த இடைவெளி கூடிப் பித்தளைக் குப்பி கிழியவும், வெப்பக்காற்று சுடுபவரின் முகத்தை நோக்கித் திரும்பவும் வாய்ப்பு உண்டு. அளவுகோல் வைத்துச் சோதிக்கும் வரை சுட வேண்டாம் என்று அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதினார்.

அடுத்தது ப்ரூஃப் முத்திரைகள், அதாவது குழல் வெடிப்பழுத்தத்தைத் தாங்குகிறதா என்று சோதித்துப் பதிக்கும் அடையாளங்கள். பர்மிங்காம் ப்ரூஃப் ஹவுஸ் 1904 முதல் 1954 வரை கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி., என்.பி. என்ற எழுத்துகளைப் பதித்தது. 1954-க்குப் பின் நைட்ரோ (புகையற்ற வெடிமருந்து) சோதனைக்குக் கிரீடத்தோடு பி.என்.பி. என்ற முத்திரை வந்தது. 1930-களின் ரைபிள் என்று விற்கப்படும் ஒன்றின் குழலில் பி.என்.பி. இருந்தால், அந்தக் குழல் பின்னால் மாற்றப்பட்டிருக்க வேண்டும், அல்லது துப்பாக்கி மறுபடி சோதனைக்குப் போய் வந்திருக்க வேண்டும். எங்கள் குழலில் பழைய மூன்றும் இருந்தன. உடலின் பக்கவாட்டில் மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய பி.எஸ்.ஏ. சின்னமும் தெளிவாகவே இருந்தது.

ஆனால் அவர் சின்னத்தைவிடச் சின்னத்தின் விளிம்பைத்தான் அதிக நேரம் பார்த்தார். எஃகில் அச்சை அடிக்கும்போது ஒதுங்கும் உலோகம் எழுத்தைச் சுற்றி மெல்லிய வரப்பாக எழும்பி நிற்கும். அதை விரல்நகத்தால் தடவினாலே உணரலாம் என்று என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார். எமரித் தாள் போட்டுத் தேய்த்து மறுபடி நீலம் (துருவைத் தடுக்க எஃகுக்கு ஏற்றும் கருநீல மேற்பூச்சு) ஏற்றிய துப்பாக்கியில் அந்த வரப்பு இருக்காது. எழுத்துகள் ஆழம் குறைந்து, ஆணித்துளைகளின் ஓரம் குழிந்து, கூரான மூலைகள் உருண்டுவிட்டிருக்கும். அப்படிப்பட்ட துப்பாக்கி பார்வைக்குப் புதிது போல மின்னும்; சேகரிப்பவருக்கு அதன் மதிப்பு போய்விட்டது. எங்கள் குழல் வெளியே பழுப்பேறிக் கிடந்தாலும் அந்த வரப்பு இருந்தது. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தரலாம் என்று வேறோர் ஊரில் ஒரு பட்டறையில் சொன்னதை நான் குறிப்பிட்டபோது, “எண்ணெய் போட்டுத் துடைச்சு வையுங்க, அது போதும். தேய்ச்சா அப்புறம் யாராலயும் திருப்பிக் கொண்டுவர முடியாது பாத்துக்கிடுங்க” என்றார்.

குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றியபோது நான் பார்த்தது இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி. மரத்துக்குள் மறைந்திருந்த குழலின் அடிப்பாகத்தில் பழைய நீலம் அப்படியே இருந்தது. மரமும் குழலும் சந்திக்கும் கோட்டில், இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மலையோர ஈரம் நெடுகத் துருப்புள்ளிகளை இட்டிருந்தது. அதற்கு நேர் எதிரே மரத்தின் விளிம்பில் அதே நீளத்துக்கு, அதே வளைவோடு கருங்கறை. இரண்டையும் பொருத்தி வைத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கறை சேர்ந்தது. எண் எதுவும் இல்லாத மரமும் இந்தக் குழலும் பல பத்தாண்டுகள் ஒன்றாக இருந்தவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அச்சு அடித்து எண்ணைப் போலியாக உருவாக்கிவிடலாம். இந்தத் துருவை ஒருவர் உட்கார்ந்து செய்ய முடியாது.

தோளில் வைக்கும் பின்கட்டையின் கதை வேறு. முன்கட்டை வால்நட், பின்கட்டை பலா. நிறம் காலப்போக்கில் அடர்ந்து இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், அடித்தகட்டைக் கழற்றியதும் உள்ளே மஞ்சள் மரம் தெரிந்தது. தகட்டைப் பிடித்திருந்த திருகாணிகளும் மரவேலைக்குக் கடையில் வாங்கும் சாதாரணத் திருகாணிகள். தொழிற்சாலை ஆணிகளின் மெல்லிய, கூரான தலைவெட்டு அவற்றில் இல்லை. தோட்டத்துத் தச்சர் யாரோ கவனமாகச் செய்த வேலை. இதை எடுத்துவிட்டு வால்நட் கட்டை தேடலாமா என்று கேட்டேன். தேடலாம், ஆனால் இதைத் தூக்கி எறியாமல் கூடவே வைத்திருக்க வேண்டும் என்றார். நான் மாற்றப்போவதில்லை. வேறொரு துப்பாக்கியிலிருந்து பிடுங்கிய வால்நட்டைவிட, இந்த வீட்டுக்காகச் செய்த பலாக்கட்டை எனக்கு உயர்ந்தது.

அவர் செய்ய மறுப்பவற்றையும் சொல்ல வேண்டும். போல்ட்டின் எண்ணை அழித்துக் குழலின் எண்ணைப் பதித்துத் தரும்படி கேட்டு வருபவர்கள் உண்டாம், அவர் தொடுவதில்லை. ஆயுதச் சட்டம் 1959-இன் 8-ஆம் பிரிவின்படி துப்பாக்கியின் அடையாள எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் குற்றம் என்பதைச் சேகரிப்பவர்கள் பலர் அறியாமலே இருக்கிறார்கள். போல்ட், குழல் போன்ற முக்கிய உறுப்புகளைத் தனியாக வாங்குவதும் விற்பதும்கூட உரிம விதிகளுக்கு உட்பட்டவை. ஒத்த போல்ட்டை எங்கேனும் இணையத்தில் பிடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது.

குறைகளும் இருக்கின்றன. அறிக்கை கையெழுத்தில் ஒரு பக்கம்தான், படங்கள் இணைப்பதில்லை. முத்திரை, துருக்கோடு, ஆணித்தலை ஆகியவற்றின் படங்கள் இல்லாமல், பிற்காலத்தில் பிள்ளைகள் அந்த அறிக்கையை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. நான் கேட்டபோது என் கைப்பேசியில் எடுத்துக்கொள்ள அனுமதித்தார், அவ்வளவே. கட்டணத்தையும் முன்கூட்டியே சொல்வதில்லை. பிரித்துப் பார்த்த பிறகுதான் தொகை தெரிகிறது. முடிவில் கேட்ட தொகை நியாயமாகவே இருந்தது என்றாலும், முதலிலேயே ஒரு வரம்பைச் சொல்லியிருக்கலாம். விற்பனை மதிப்பு எவ்வளவு என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்வதில்லை. அதை நான் குறையாகக் கருதவில்லை.

போகிறவர்கள் அசல் உரிமத்தைக் கையோடு எடுத்துச்செல்ல வேண்டும். அது இல்லாமல் உறையைக்கூடத் திறக்க மாட்டார். வீட்டில் துடைத்து, தேய்த்து, மெருகேற்றிக் கொண்டுபோகாமல் இருப்பது முக்கியம். தேர்தல் அறிவிப்பை ஒட்டிய வாரங்களில் ஒப்படைக்க வருபவர்களின் துப்பாக்கிகளால் பட்டறை நிறைந்துவிடுவதால், அப்போது இந்த வேலைக்கு நேரம் கிடைக்காது. போல்ட் இடைவெளிச் சோதனை இந்தக் கட்டணத்தில் சேராது. அதைத் தனியாகக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.