மேவனா, கிரேடிலா? முதலில் எந்த வெர்ஷன் உள்ளே வருகிறது என்று பாருங்கள்

உங்கள் ஜாவா புராஜெக்டில் குவாவா லைப்ரரியின் இரண்டு வெர்ஷன்கள் வந்து சேர்ந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம், நீங்கள் கேட்காமலே, நீங்கள் சேர்த்த வேறு இரண்டு லைப்ரரிகள் ஆளுக்கொன்றாக இழுத்து வந்தவை. எதை எடுப்பது? ஜாவா கோடை பில்டு செய்து, தேவையான லைப்ரரிகளையும் இறக்கித் தரும் கருவிகளான மேவனும் கிரேடிலும் பிரிகிற இடம் இதுதான்.

என்னென்ன லைப்ரரிகள் வேண்டும் என்று மேவனுக்கு எழுதிவைக்கும் பாம் ஃபைலிலிருந்து (pom.xml) எது கிட்டத்தில் இருக்கிறதோ, அதாவது எது நடுவில் குறைவான லைப்ரரிகளைத் தாண்டி வருகிறதோ, அதை மேவன் எடுக்கும், பழையதா புதியதா என்று பார்க்காது. இரண்டும் ஒரே தூரத்தில் இருந்தால் ஃபைலில் முதலில் எழுதியதற்குத்தான் இடம். அதாவது யாரோ ஒருவர் ஒழுங்குபடுத்துகிறேன் என்று வரிசையை மாற்றினால்கூட வேறு வெர்ஷன் உள்ளே வந்துவிடலாம், கம்பைல் சுத்தமாக முடிந்து, ஓடும்போது மெத்தட் இல்லை என்று விழும். கிரேடில் இருப்பதில் புதியதை எடுக்கும். அதிலும் இதே எரர் வரலாம், ஆனால் என் அனுபவத்தில் குறைவு.

மேவனில் இதற்கு மருந்து உண்டு. விதிகளைச் சரிபார்க்கும் என்ஃபோர்சர் ப்ளகினில், ஒரு டிபெண்டென்சிக்கு (வெளியிலிருந்து வரும் லைப்ரரிக்கு) ஒரே வெர்ஷன்தான் என்கிற டிபெண்டென்சி கன்வர்ஜென்ஸ் விதியைப் போட்டால், வெர்ஷன்கள் மோதும்போது சிஐயிலேயே, அதாவது கமிட்டுகளைத் தானாக பில்டு செய்து பார்க்கும் மெஷினிலேயே, பில்டு நின்றுவிடும். முதல் நாள் பட்டியல் நீளமாக வரும், உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்யத்தான் வேண்டும். செய்யுங்கள்.

கிரேடிலில் நான் பட்ட அவதி வேறு. ஒரு டிபெண்டென்சிக்கு வெர்ஷன் 1.+ என்று எழுதியிருந்தது, அதாவது 1. என்று தொடங்குவதில் புதியது எதுவோ அது. அப்படி எழுதினால், கிடைத்த விடையை கிரேடில் 24 மணி நேரம் கேஷில் வைத்துக்கொள்ளும். என் லேப்டாப்பில் நேற்றைய வெர்ஷன், ஒவ்வொரு முறையும் காலியாகத் தொடங்கும் சிஐ கன்டெய்னரில் அன்று காலை வெளியான வெர்ஷன், ஒரே கமிட்டுக்கு இரண்டு விதமான ஜார் (கம்பைல் ஆன லைப்ரரி ஃபைல்)! மதியம் வரை எங்கள் கோடில்தான் தப்பு என்று தேடினோம். டிபெண்டென்சி லாக்கிங்கை ஆன் செய்து, எதற்கு எந்த வெர்ஷன் என்று பூட்டிவைக்கும் லாக் ஃபைலை (lock file) கிட்டில் (Git) போட்டபிறகுதான் நிம்மதி. 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே (Log4j) லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்து, 2.15, 2.16, 2.17 என்று அடுத்தடுத்து வெர்ஷன் மாற்ற வேண்டியிருந்ததே, அந்த மாதிரி நேரத்தில் மறைமுகமாக வந்த வெர்ஷன்கூட லாக் ஃபைலில் தேடினால் உடனே கிடைக்கும். மேவனோடு இப்படி ஒன்று கூடவே வருவதில்லை, எனக்கு அது பெரிய குறை.

சரி, வேகம். இன்புட் மாறாத டாஸ்க்கை கிரேடில் திரும்ப ஓட்டாது, ரிமோட் பில்டு கேஷ் இருந்தால் ஒரு சிஐ மெஷின் கட்டியதை இன்னொன்று எடுத்துக்கொள்ளும். மாட்யூல்கள் நிறைய இருந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். நாலைந்துதான் என்றால் டவுன்லோட் ஆன ஜார்களை சிஐயில் கேஷ் செய்தாலே மேவன் போதும்.

ஆண்ட்ராய்டு என்றால் பேச்சே இல்லை, கிரேடில்தான். சின்ன பேக்கெண்ட் டீமுக்கு நான் மேவனும் என்ஃபோர்சரும்தான் சொல்வேன், ஏனென்றால் பாம் ஃபைலைப் புதிதாக வந்தவரும் படித்துவிடலாம், கிரேடில் ஸ்கிரிப்டோ முழு நிரல், எழுதியவர் வேலையை விட்டுப் போனபின் அதைப் புரிந்துகொள்வதற்கே நாட்கள் போகும். மாட்யூல்கள் பெருகி, பில்டுக்காக எல்லோரும் காத்திருக்கத் தொடங்கும்போது கிரேடிலுக்கு மாறலாம், மாறுகிற முதல் கமிட்டிலேயே லாக் ஃபைலோடு.