நுரையீரல் பயாப்சியா, ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பதா?

வென்டிலேட்டரில் வைத்து ஒரு வாரம் ஆகியும் நோயாளி தேறவில்லை. எக்ஸ்ரேயில் இரண்டு பக்க நுரையீரலும் வெள்ளையாகவே இருக்கிறது. ஆன்டிபயாடிக்கை மாற்றியாயிற்று, கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) ஒன்றும் வளரவில்லை. கேஸ் ஷீட்டில் ஏஆர்டிஎஸ் (நுரையீரல் முழுக்க அழற்சியாகி, நீர் கோத்து, ஆக்சிஜன் ஏறாத நிலை) என்றிருக்கும், எதனால் வந்தது என்றுதான் தெரியாது. இனி என்ன செய்வது? நுரையீரல் திசுவில் ஒரு துண்டை எடுத்துச் சோதிப்பதா (அதுதான் பயாப்சி), அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்ப்பதா?

முதலில் ப்ராங்கோஸ்கோப்பி, அதாவது மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்ப்பது. இதில் வாதமே வேண்டாம். மூச்சுக்குழாயில் இருக்கும் ட்யூப் வழியாகவே ஸ்கோப்பை இறக்கி, நூறு மில்லிக்கு மேல் சலைன் விட்டு, உறிஞ்சி எடுப்பார்கள். அடுத்தடுத்து எடுக்கும் சிரிஞ்சுகளில் சிவப்பு கூடிக்கொண்டே போனால், நுரையீரலுக்குள் ரத்தக்கசிவு. ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அது ஸ்டீராய்டுக்கு வேகமாக அடங்கக்கூடிய ஒரு நிமோனியா. டிபி, நிமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை, மற்ற பூஞ்சைகள் எல்லாம் இதிலேயே பிடிபடலாம். ஆனால் திசு எப்படி மாறியிருக்கிறது, தழும்பு கட்டிவிட்டதா என்பதைக் கழுவிய நீர் காட்டாது. அதே ஸ்கோப் வழியாகக் கிள்ளி எடுக்கலாம் என்றால், கிடைப்பது சில மில்லிமீட்டர் துணுக்குதான். உறையவைத்து எடுக்கும் க்ரையோ பயாப்சியில் துண்டு பெரிதாக வரும், ரத்தப்போக்கு அபாயமும் கூடும்.

கழுவிய நீரிலும் விடை இல்லையென்றால் உண்மையான போட்டி இரண்டுக்கு நடுவேதான்: அறுவை பயாப்சி, அல்லது திசுவைப் பார்க்காமலே ஸ்டீராய்டு. இரண்டாவதுதான் சுலபம், பல இடங்களில் நடப்பதும் அதுதான். அதை அவ்வளவு லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. 2006-ல் அமெரிக்காவில் 180 பேரிடம் நடந்த ஆய்வில், நீண்டுபோன ஏஆர்டிஎஸ்ஸுக்கு மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தும் 60 நாள் இறப்பு குறையவில்லை. நோய் தொடங்கி 14 நாளுக்கு அப்புறம் ஆரம்பித்தவர்களிடம் இறப்பு கூடவே செய்தது. டிபி பரவலாக உள்ள நம் ஊரில் தொற்று ஒளிந்திருக்க ஸ்டீராய்டு போவது இன்னும் பெரிய ஆபத்து.

சரி, அறுவை? கேமரா வழியாகச் செய்ய, பெரும்பாலும் ஒரு நுரையீரலைச் சுருங்கவிட்டு மற்றதால் மட்டும் மூச்சுவிட வைக்க வேண்டும். ஏற்கெனவே ஆக்சிஜன் போதாதவருக்கு அது முடியாது. அதனால் ஐசியூ கட்டிலிலேயே விலா இடுக்கில் சிறிதாக வெட்டி, ஸ்டேப்ளர் போட்டு ஒரு துண்டை எடுத்துவிடுவார்கள். பாதி நோயியல் பரிசோதனைக்கு, திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போகும், மீதி ஃபார்மலின் படாமல் கல்ச்சருக்கு. இதை மறந்து முழுவதையும் ஃபார்மலினில் போட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். வெட்டிய இடத்தில் காற்று கசிந்து, நெஞ்சு டிரெயின் பாட்டிலில் நாள்கணக்கில் குமிழி வருவதுதான் அதிகம் வரும் தொல்லை.

பலன் உண்டா? பிரான்சில் 2007-ல் வெளியான 100 பேரின் ஆய்வில், 78 பேருக்குத் திசு முடிவைப் பார்த்துப் புதிய மருந்து சேர்த்தார்கள், அவர்கள் அதிகம் பிழைத்தார்கள். ஆனால் பயாப்சியே செய்யாதவர்களோடு ஒப்பிட்ட கணக்கல்ல இது. இன்னொரு பக்கமும் உண்டு: அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை, நுரையீரல் இடைத்திசு நோய்க்கு (காற்றறைகளுக்கு இடையிலுள்ள திசு கெடும் நோய்) திட்டமிட்டுச் செய்த பயாப்சியில் மருத்துவமனை இறப்பு 1.7 சதவீதம், திட்டமிடாமல் செய்ததில் 16 சதவீதம். அந்த இறப்பில் நோயின் பங்கு எவ்வளவு, கத்தியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

என் தேர்வு இதுதான். கழுவிய நீரில் விடையில்லை, சிடி ஸ்கேனும் குழப்புகிறது, ரத்தம் உறைவதில் கோளாறில்லை, அனுபவமுள்ள சர்ஜன் இருக்கிறார் என்றால் முதல் வாரம் முடியும்போதே பயாப்சியைப் பேசிவிட வேண்டும். மூன்றாவது வாரத்தில் கடைசி முயற்சியாகச் செய்தால், விடை கிடைத்தாலும் மருந்து வேலை செய்யும் காலம் போயிருக்கலாம். பிளேட்லெட் மிகக் குறைவு, ரத்த அழுத்தம் நிற்கவில்லை என்றால் வேண்டாம். குடும்பத்தார் கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் ஒன்றைக் கேட்கலாம்: "முடிவு வந்தால் எந்த மருந்தை நிறுத்துவீர்கள், எதைத் தொடங்குவீர்கள்?" அதற்குத் தெளிவான பதில் வரவில்லையென்றால் அந்த நோயாளியின் நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை.