லாக் லேசஸ்: ஸ்பிரிண்ட் டிரையத்லானுக்கு முதலில் வாங்க வேண்டிய சின்னப் பொருள்

ஸ்பிரிண்ட் டிரையத்லான் என்றால் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறுவது டி1, சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு மாறுவது டி2. இரண்டிலும் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். படபடப்பில் இரண்டு ஷூவுக்கும் முடிச்சுப் போட எப்படியும் 20 நொடி போய்விடும். அதை 5 கிலோமீட்டரில் திரும்பப் பிடிக்க, கிலோமீட்டருக்கு 4 நொடி வேகம் கூட்ட வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் பயிற்சி ஆகும். லாக் லேசஸ் மாதிரி முடிச்சே வேண்டாத லேஸ் மாட்டினால் அதே 20 நொடி சும்மா கிடைக்கிறது. முதல் போட்டிக்கு என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு காற்றின் தடையைக் குறைக்கும் ஏரோ ஹெல்மெட்டுக்கு முன்னால் இதைத்தான் சொல்வோம்.

லாக் லேசஸ் பாக்கெட்டில் 48 அங்குல எலாஸ்டிக் லேஸ் இரண்டு, ஸ்பிரிங் வைத்த பூட்டு இரண்டு, நுனிகளைச் சேர்த்து மூடும் கிளிப் இரண்டு. பழைய லேஸை உருவிவிட்டு இதைக் கீழிருந்து மேலாகக் கோர்க்க வேண்டும். பூட்டை அமுக்கிப் பிடித்து இரு நுனிகளையும் அதற்குள் விட்டு, ஷூவின் நாக்கு வரை இறக்கினால் தீர்ந்தது. மிச்ச நீளத்தை வெட்டிக் கிளிப் போடுவது கடைசி வேலை.

பெரும்பாலும் தப்பு நடப்பது அந்த வெட்டில்தான். கோர்த்த கையோடு வெட்டிவிட்டு, மறுநாள் ஓடும்போது இறுக்கம் அதிகம் என்று தெரிந்தால் தளர்த்த நீளம் இருக்காது. மீதியை ஷூவுக்குள் மடித்துச் செருகி இரண்டு மூன்று தடவை ஓடிப் பாருங்கள். கால் நன்றாக வீங்கியிருக்கும் நேரத்தில், அதாவது சைக்கிள் ஓட்டி இறங்கியதும், ஒரு தடவையாவது ஓடிப் பார்த்த பிறகு வெட்டுங்கள். பூட்டுக்கு மேல் இரண்டு அங்குலமாவது விட வேண்டும். அதற்காக நீளமாகத் தொங்கவிடவும் கூடாது. வலது ஷூவில் தொங்கும் வளையம் செயினில் மாட்டிக்கொள்ளும்.

இறுக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சாதா லேஸ் ஓட ஓடக் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். எலாஸ்டிக் அப்படி விடாது, அழுத்திக்கொண்டே இருக்கும். நின்று பார்க்கும்போது கச்சிதமாக இருப்பது 3 கிலோமீட்டர் தாண்டியதும் பாதத்தின் மேல்பக்கத்தை மரத்துப்போக வைக்கும். ரொம்பத் தளர்த்தினால் குதிகால் எழும்பி எழும்பி உட்கார்ந்து கொப்புளம் கிளம்பும். பின்பக்க வளையத்தை இழுத்து ஒரே தள்ளில் கால் உள்ளே போக வேண்டும், மாடிப்படி ஏறும்போது குதிகால் வழுக்கக் கூடாது. இரண்டும் ஒத்துவரும் இடத்தில் பூட்டை நிறுத்தி, அந்த இடத்தில் லேஸில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால் போட்டியன்று யோசிக்கவே வேண்டாம்.

சாதாப் பெடலில் ஓட்டுபவருக்கு ஓட்ட ஷூவே சைக்கிளுக்கும். அவர் ஷூ மாட்டுவது டி1-இல், ஈரக் காலோடு. ஈரத்தோல் உள்துணியில் ஒட்டிக்கொள்ளும், நாக்கு சுருண்டு உள்ளே போகும். ஷூவின் குதிகால் ஓரத்தில் வாசலைன் தடவி, நாக்கை முன்பக்கம் இழுத்து மடக்கி வைத்தால் சிக்கல் இல்லை. பவுடரை அள்ளிக் கொட்டினால் தண்ணீர் பட்டுக் கட்டியாகி உறுத்தும். பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளீட் ஷூவில் ஓட்டுபவர் ஓட்ட ஷூவுக்கு மாறுவது டி2-இல், அதனால் அவருக்கு இந்த லேஸின் பலன் அங்கேதான். எவ்வளவு அவசரமானாலும் சைக்கிளை ஸ்டாண்டில் வைத்த பிறகே ஹெல்மெட் பட்டியைக் கழற்ற வேண்டும். முன்னால் கழற்றினால் அபராதம். லேஸில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும்.

கடலில் நீந்தும் போட்டிகளில் பூட்டின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மணலும் உப்பும் உள்ளே போனால் அமுக்கினாலும் நகராது. போட்டி முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பூட்டை நாலைந்து தடவை அமுக்கி விட்டால் போதும். டி1-இல் கால் கழுவ ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துக்கொள்வது பூட்டுக்கும் நல்லது, பாதத்துக்கும் நல்லது.

இது எல்லாக் காலுக்கும் சரிவராது. ஒரு ஷூவுக்குப் பூட்டு ஒன்றே ஒன்று என்பதால் எல்லாத் துளைகளிலும் இறுக்கம் ஏறக்குறைய ஒன்றாகவே பரவும். பாதத்தின் மேல்வளைவு உயரமாக உள்ளவர்கள் அந்த மேடு வரும் இடத்தில் ஒரு துளையைத் தாண்டிக் கோர்த்தால் சரியாகிவிடும். விரல் பக்கம் தளர்வாகவும் கணுக்கால் பக்கம் இறுக்கமாகவும் வேண்டுபவர்களுக்கு, வரிசையாகக் குமிழ் முடிச்சு வைத்த எக்ஸ்டெனெக்ஸ் மாதிரி லேஸ்தான் தோது. அதில் ஒவ்வொரு துளையிலும் தனித்தனியாக இறுக்கம் வைக்கலாம். ஆனால் ஒரு ஜோடிக்குப் பொறுமையாகக் கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

வெளியுறை பிரிந்து உள்ளே ரப்பர் இழை தெரிந்தாலோ, இழுத்து விட்டதும் பழைய நீளத்துக்கு வராவிட்டாலோ, போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள். புது லேஸுக்கு மறுபடி இறுக்கம் பார்க்க அந்த அவகாசம் வேண்டும்.