ஃபோர்ட் மெக்மரி குட்டி விமானச் சுற்று: முன் சீட் கிடைத்தால் போங்கள்

கனடாவில், ஆல்பர்ட்டா மாகாணத்தின் ஃபோர்ட் மெக்மரியில் எண்ணெய் மணல் (தார் மாதிரி கெட்டியான எண்ணெய் கலந்த மணல்) சுரங்கங்களை மேலிருந்து காட்டும் விமானச் சுற்று ஒன்றில் போய் வந்தேன். குறை சொல்லப் போவதால் நிறுவனத்தின் பெயர் வேண்டாம். 9 மணிக்கு வரச் சொன்னவர்கள் கிளப்பியது 11 மணிக்கு. என் பக்கத்து ஜன்னல் முழுக்கக் கீறல், எடுத்த படங்களில் பாதி பனிமூட்டம் மாதிரி இருக்கிறது.

இருந்தாலும் காசு வீணில்லை. 63ஆம் நெடுஞ்சாலையில் காரில் போனால் சாலையோர மரங்களும் நடுநடுவே புகைபோக்கிகளும் தார் வாடையும்தான். மேலே ஏறிய பிறகுதான் அந்த மரங்கள் எவ்வளவு மெல்லிய திரை என்று தெரிகிறது, அதற்குப் பின்னால் அதபாஸ்கா ஆற்றை ஒட்டிக் காட்டையே காணோம், கரிய பள்ளங்கள், அதில் ஒரே நடையில் 400 டன் வரை சுமக்கும் லாரிகள் எறும்பு மாதிரி ஊர்கின்றன. ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 2 டன் மணல் தோண்ட வேண்டுமாம்.

அப்புறம் மணலிலிருந்து எண்ணெயைப் பிரித்தபின் மிஞ்சும் கழிவுநீரைத் தேக்கும் குட்டைகள். பேர்தான் குட்டை, பார்த்தால் ஏரி. பறவைகள் இறங்காமல் இருக்க வெடிச்சத்தம் போடும் பீரங்கிகளும் ஆரஞ்சு உடுப்பு மாட்டிய பொம்மைகளும் வைத்திருக்கிறார்கள், நம்ம சோளக்கொல்லை பொம்மையேதான். 2008 ஏப்ரலில் சின்க்ரூட் நிறுவனத்தின் குட்டையில் இறங்கி சுமார் 1,600 வாத்துகள் செத்த கதையைப் பைலட் தானாகச் சொல்லவில்லை, நான் கேட்ட பிறகு ஒரே வரியில் முடித்துக்கொண்டார். மரம் நட்டு மீட்ட 104 ஹெக்டேர் மேட்டைப் பற்றி மட்டும் நல்ல விளக்கம்! பச்சையாகத்தான் இருக்கிறது, சரி. ஆனால் தோண்டுவதற்கு முன் இந்தப் பகுதியில் பெரும்பாலும் இருந்தது மஸ்கெக் என்கிற கரிச்சதுப்பு, அதாவது பாதி மட்கிய செடிகொடிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்த ஈரநிலம். அது சேர ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும், மரம் நட்டால் வந்துவிடாது.

எனக்கு உறைத்தது சுரங்கம்கூட இல்லை. திரும்பும்போது தெற்கே ஆன்சாக் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு வட்டம் அடித்தார். ஆழத்தில் இருக்கும் எண்ணெயை நீராவி செலுத்தி எடுக்கிற இடம், பள்ளமே கிடையாது, காடு அப்படியே இருக்கிறது என்றுதான் நினைத்தேன். உற்றுப் பார்த்தால் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி கோடுகள், காடு முழுக்க. நிலத்தடி ஆய்வுக்காக வெட்டிய பாதைகள், பத்து வருஷக்கணக்கில் ஆகியும் மரம் வளர்ந்து மூடவில்லை. ஓநாய்களுக்கு அது ராஜபாட்டை, ஒளிந்து வாழும் கரிபு மான்களை எளிதாகப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. எண்ணெய் மணலில் பெரும்பங்கு, சுமார் 80 சதவீதம், இப்படி நீராவியால்தான் எடுக்க முடியும் என்பதால் இந்தக் கோடுகள்தான் முக்கியமான காட்சி, அதற்கு மொத்தமே பத்து நிமிஷம் கொடுத்தார்கள்.

கிளம்புவதற்கு முன்பே தெற்கு வட்டத்தை நீட்டச் சொல்லிப் பேசிவிடுங்கள். முன் சீட் ஜன்னலில் கீறல் குறைவு.