அடைத்த பற்களோடு சில வருடங்கள்

சொத்தைப் பற்களை வரிசையாக அடைத்து முடித்துச் சில வருடங்கள் ஆகின்றன. சிகிச்சை நடந்த சமயத்தில் எழுதியிருந்தால் ஊசி, ட்ரில், வலி என்றே எழுதியிருப்பேன். இப்போது பார்த்தால் அதெல்லாம் சில நாள் தொல்லை, அவ்வளவுதான். பல்லின் எந்த இடத்தில் ஓட்டை விழுந்தது என்பதுதான் பிற்பாடு நாம் படும் பாட்டைத் தீர்மானிக்கிறது. மெல்லும் மேற்பரப்பில் அடைத்தவை எவையென்றே எனக்கு இப்போது நினைவில்லை. இரண்டு பற்களுக்கு நடுவே அடைத்தவை இன்னமும் தினசரி வேலை வாங்குகின்றன.

பல் டாக்டர் பக்கமே போகாமல் இருந்தவர்கள் போவது பெரும்பாலும் ஒற்றைப் பல்லுக்காகத்தான். எனக்கும் ஒரு கடைவாய்ப் பல். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று இழுத்துவிட்டு உடனே அடங்கும். பிறகு சூடு பட்டாலும் வலி, அதுவும் அடங்காத வலி. கடைசியில் படுத்தால் விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. பட்டதும் விட்டுவிடும் கூச்சம் என்றால் பல்லின் உள்சதை இன்னும் தேறும் நிலையில் இருக்கிறது என்று பொருள். நின்று வலித்தால், ராத்திரி எழுப்பினால், பெரும்பாலும் அந்த உள்சதையை நரம்போடு எடுத்துவிட்டு அடைக்கும் வேர் சிகிச்சைதான் (ரூட் கெனால்). இன்னொன்று: அப்படி வலித்த பல் திடீரென்று அமைதியானால் குணமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். உள்ளே நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும். தொற்று மட்டும் வேர் நுனியைப் பார்த்துப் போய்க்கொண்டே இருக்கும்.

மற்றப் பற்களின் வண்டவாளம் எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. சின்னத் தகட்டைக் கடித்துக்கொண்டு பக்கவாட்டில் எடுக்கும் படம். பல்லும் பல்லும் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, பல்லின் வெளி ஓடான எனாமலின் வெள்ளையில் சின்னச் சின்னக் கரு நிழல்கள். கண்ணாடி முன்னால் எவ்வளவு வாயைப் பிளந்தாலும் இவை கண்ணில் படாது. வலித்துக் காட்டவும் செய்யாது. எனாமலில் நரம்பே கிடையாது. சொத்தை அதைத் தாண்டி, அடியில் இருக்கும் டென்டின் என்ற அடுக்குக்குள் இறங்கிய பிறகுதான் கூசவே தொடங்கும். ஆகவே 'எத்தனை பல் வலிக்கிறது' என்று எண்ணிக்கொண்டு போய் உட்கார்ந்தால் கணக்கு உதைக்கும்.

வலிக்கும் பல் முதலில், ஆழமானவை அடுத்து, மேலோட்டமானவை கடைசியில் என்று வரிசை போட்டோம். ஒவ்வொரு தடவையும் வாயின் ஒரு பக்கம் மட்டும். கீழ்த்தாடைக்குப் போடும் ஊசியில் பாதி உதடும் நாக்கும் சில மணி நேரம் மரத்துக் கிடக்கும். கன்னத்தைக் கடித்தாலும் தெரியாது. இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் முடித்துவிடலாமே என்று தோன்றும். மெல்ல ஒரு பக்கமாவது வேண்டும் என்பதால் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஊசி போட்டவுடன் நெஞ்சு படபடத்தால் அது பயமாகவும் இருக்கலாம், மருந்தோடு கலந்திருக்கும் அட்ரினலினாகவும் இருக்கலாம். எனக்கு ஒரு நிமிடத்தில் அடங்கிவிட்டது. படபடப்பு நீடித்தாலோ, இதயக் கோளாறு ஏற்கனவே இருந்தாலோ சொல்லிவிட வேண்டும்.

பல் இடுக்கை அடைப்பதுதான் நுணுக்கமான வேலை. சொத்தையைச் சுரண்டி எடுத்ததும் பல்லுக்கு ஒரு பக்கச் சுவரே இருக்காது. மெல்லிய உலோகப் பட்டையைப் பல்லைச் சுற்றி நிறுத்தி, இடுக்கில் ஒரு குட்டி மர ஆப்பை அழுத்திச் செருகுவார்கள். எனக்கு ட்ரில்லைவிட ஈறில் அந்த ஆப்பு அழுத்தியதுதான் அதிகம் உறுத்தியது. பிறகு அமில ஜெல் தடவிக் கழுவி, பசை பூசி, பல் நிறத்துப் பிசினை இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்கையும் நீல ஒளி காட்டி இறுக வைப்பார்கள். நடுவில் எச்சில் பட்டால் ஒட்டுவதில் கோளாறு வரும். வாயில் ரப்பர் திரை மாட்டியோ பஞ்சை அடைத்தோ பாடாய்ப் படுத்துவது அதற்காகத்தான். ஈறோரத்தில் ஈரத்தைத் தடுப்பது கஷ்டம்; அங்கே எனக்கு வைத்தது கண்ணாடி அயனோமர் சிமென்ட். சொத்தையைத் தடுக்க உதவும் ஃப்ளூரைடைக் கசியவிடும் பொருள், ஆனால் பிசினைவிடச் சீக்கிரம் தேயும்.

முடிவில் நிறத் தாளைக் கடிக்கச் சொல்லி, கறை அழுத்தமாகப் படும் இடத்தைத் தேய்த்துவிடுவார்கள். வாய் மரத்திருக்கும்போது நாம் கடிப்பது சரியான கடி கிடையாது. எனக்கு ஒரு பல் முடி அளவு உயரமாக நின்றுவிட்டது. மறுநாள் எதைக் கடித்தாலும் அந்தப் பல்தான் முதலில் போய் முட்டியது. 'போகப் போகப் பழகிவிடும்' என்று வீட்டில் சொன்னார்கள். பழகவில்லை. திரும்பப் போய்த் தேய்த்துக்கொண்டேன், சில நிமிட வேலை. குளிருக்குக் கூசுவது வேறு. அது சில வாரத்தில் தானாகக் குறைந்தது.

வேர் சிகிச்சை பேச்சில் இருக்கும் அளவுக்குப் பயங்கரம் இல்லை. வாயை நெடுநேரம் திறந்து வைத்த தாடை வலிதான் மிச்சம். அந்தக் கடைவாய்ப் பல்லின் மேல் கேப் என்ற உறை போட்டாயிற்று. கேப் போட்ட பல்லுக்கு இனி ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிடக் கூடாது. கேப்புக்குச் சொத்தை வராது, அதன் விளிம்புக்குக் கீழே இருக்கும் பல்லுக்கு வரும். நரம்பு இல்லாததால் அங்கே கூச்சம் முன்னறிவிப்புத் தராது.

வருடக்கணக்கில் பார்த்ததில் எனக்குத் தகராறு செய்தது ஓர் இடுக்கு அடைப்பு மட்டும். பக்கத்துப் பல்லோடு அது இறுக்கமாகத் தொடவில்லை. சாப்பிடும்போதெல்லாம் நார் போய்ச் சிக்கி, ஈறு வீங்கி, அதை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டி வந்தது. அடைத்த அன்றே ஃப்ளாஸை, அதாவது பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை, விட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 'டக்'கென்று ஓர் இறுக்கத்தைத் தாண்டி இறங்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனாலோ, பிசிறு பிசிறாகக் கிழிந்து வந்தாலோ அங்கேயே சொல்லிவிடலாம்.

பராமரிப்பில் எனக்குப் பலன் தந்தவை சொற்பம். ராத்திரி ஃப்ளாஸ், அகன்ற இடுக்குகளுக்குச் சின்ன இடுக்கு பிரஷ். பெட்டியில் 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை ஃப்ளூரைடு என்று போட்டிருக்கும் பேஸ்ட். தேய்த்த பின் துப்புவேன், கொப்பளிக்க மாட்டேன். இனிப்பை விடவில்லை, நாள் முழுக்கக் கொறிப்பதை விட்டேன். இனிப்பு உள்ளே போனதும் வாயில் அமிலம் ஏறும்; அதைக் காட்டும் பிஎச் எண் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதை மேலே கொண்டுவர அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் இன்னொரு வாய் போட்டால் மறுபடி முதலிலிருந்து. ஒரே மூச்சில் தின்று முடிப்பது, துளித்துளியாக நாளெல்லாம் சப்புவதைவிட மேல்.

ஓர் அடைப்பின் ஓரத்தில் மட்டும் பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது. கறைதான், கசிவு இல்லை என்று பார்த்துச் சொன்னதால் தோண்டவில்லை. முதல் எக்ஸ்ரேயில் எனாமலோடு நின்றிருந்த நிழல்களிலும் ட்ரில்லே படவில்லை. ஃப்ளூரைடு வார்னிஷ் மட்டும் பூசி, புதுப் படத்தைப் பழைய படத்தோடு ஒப்பிட்டு வருகிறார் டாக்டர். இதுவரை அவை உள்ளே நகரவில்லை.